‘வலிக்கவே இல்லீங்களே டாக்டர்!’

கண்ணுக்குள் இரும்புத் துகளைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். வருடக்கணக்காகக் கேட்டுவிட்டேன். இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதால், வீட்டில் பொழுதுபோக்காகப் பட்டறை வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் பம்ப், மோட்டார், ஃபவுண்டரி என்று வளர்ந்த ஊர். இரும்பைத் தொட்டுப் பழகிய கை ஓய்வு பெற்றபின்னும் சும்மா இருக்காது. அண்மையில் வந்தவரும் அப்படித்தான். வீட்டு மாடியில் சின்ன லேத், பெஞ்ச் வைஸ் எல்லாம் போட்டு, மேட்டுப்பாளையம் – குன்னூர் ஏற்றத்தில் ஓடும் பல்சக்கர நீராவி இன்ஜினைச் சிறிய அளவில் செய்துகொண்டிருந்தார். போனில் படம் காட்டினார். பிஸ்டன் ராடு வரைக்கும் பித்தளையில் கடைந்த அருமையான வேலை. ஃபிரேமில் இறுகிப்போன ஒரு பின்னை வெளியே எடுக்கப் பன்ச் (தட்டித் தள்ளும் உலோகக் குச்சி) வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார். கண்ணில் சுரீர் என்று ஏதோ பட்டது. தண்ணீர் விட்டுக் கழுவினார். கண்ணாடியில் பார்த்தால் சிவப்புகூட இல்லை. வேலையைத் தொடர்ந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அந்தக் கண்ணில் பனிமூட்டமாகத் தெரிய, வயதாகிவிட்டது, புரைதான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தேன். கருவிழியில் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கார்னியாவில்) ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லிய வெள்ளைக் கோடு. அதற்கு நேர் பின்னால், கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத்திரையான ஐரிஸில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை. கண்மணிக்குள் ஒளியைச் செலுத்தினால், விழித்திரையில் பட்டுத் திரும்பும் செந்நிறம் அந்தத் துளை வழியாக ஒரு புள்ளியாக ஒளிர்கிறது. இதைப் பார்த்துவிட்டால் எந்தக் கண் மருத்துவரும் மேற்கொண்டு கதை கேட்கமாட்டார், உடனே சி.டி. ஸ்கேனுக்கு எழுதிவிடுவார். ஸ்கேனில் துகள் விழித்திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தாயிற்று, கலங்கிப்போன லென்ஸையும் எடுக்க வேண்டியதாயிற்று. பார்வை எவ்வளவு மீளும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாத நிலை.

வலி ஏன் இல்லை என்பதை ஒருமுறையாவது பொறுமையாகப் படியுங்கள். கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். வலியை உணரும் நரம்புகள் அதன் மேற்பரப்பில் நெருக்கமாக இருக்கின்றன. அதனால்தான் ஒரு மணல் தூசி ஒட்டிக்கொண்டால்கூடத் துடித்துப்போகிறோம். ஒவ்வொரு இமைப்பிலும் அது உராய்கிறது. ஆனால் சுத்தியலும் பன்ச்சும் மோதும்போது தெறிக்கும் சில்லு மேலே ஒட்டி நிற்காது. அது கூர்மையானது, வேகமானது. நொடிக்கும் குறைவான நேரத்தில் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். உராய எதுவும் இல்லை. போன வழியும் தானாக ஒட்டி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் லென்ஸுக்கும் விழித்திரைக்கும் வலி உணர்வு கிடையாது. ஆகவே மேலே ஒட்டிய அற்பத் தூசி உங்களை அழவைக்கும், உள்ளே போன இரும்பு சத்தமே போடாது. பார்வை 6/6, அதாவது முழுமையாக இருக்கும்போதே கண்ணுக்குள் துகள் இருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். வலியை வைத்துக் காயத்தை எடை போடாதீர்கள். எப்படி அடித்தீர்கள், எதன்மேல் எதை அடித்தீர்கள் என்பதுதான் கேள்வி. இரும்பை இரும்பால் அடிக்கும்போது கண்ணில் ஏதோ பட்டது என்றால், ஸ்கேனில் இல்லை என்று தெரியும்வரை உள்ளே துகள் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எந்தப் பொருள் என்பதும் முக்கியம். 1940இல் நொறுங்கிய விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) சில்லுகள் பிரிட்டிஷ் போர் விமானிகளின் கண்ணில் ஏறின. அவை உள்ளே அமைதியாகக் கிடப்பதைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949இல் அதே வகைப் பொருளில் செயற்கை லென்ஸ் செய்து கண்ணில் வைத்தார். இன்று புரை அறுவைக்குப் பின் வைக்கும் லென்ஸின் தொடக்கம் அதுதான். அந்தக் காலப் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் மாடல் கிட் ஒட்டுகிற பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வதுண்டு. இரும்பு அப்படி அமைதியாகக் கிடக்காது. உள்ளே கரைந்து, லென்ஸைப் பழுப்பாக்கி, விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். மாலைக் கண் போலத் தொடங்கும், பக்கப் பார்வை குறையும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில வருடம். சுத்தமான செம்பு இன்னும் மோசம், சில மணி நேரத்திலேயே கண்ணைக் கொந்தளிக்க வைக்கும். பாய்லருக்குச் செம்புத் தகடு வெட்டுகிறவர்கள் கவனிக்க. மருத்துவமனைக்கு வரும்போது நீங்கள் வேலை செய்த பொருளில் ஒரு துண்டையும் உளி முனையையும் கையோடு கொண்டுவாருங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

‘ஃபேக்டரி இல்லையே, சின்ன மெஷின்தானே’ என்பார்கள். கையடக்க ரோட்டரி டூல் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுகிறது. அதில் 38 மி.மீ. கட்டிங் வட்டு மாட்டினால் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். லேசாகச் சாய்த்துப் பிடித்தாலே வட்டு உடைந்து தெறிக்கும். அரை மில்லிமீட்டர் டிரில் பிட் ஒடிவதும், ஒயர் பிரஷ்ஷின் இழை பிய்த்துக்கொண்டு வருவதும் இதே கணக்குத்தான். மெஷினே இல்லாமலும் ஆபத்து உண்டு. பியானோ ஒயரை (விறைப்பான எஃகுக் கம்பியை) கட்டிங் பிளேயரால் வெட்டும்போது அறுபட்ட துண்டு எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர முடியாது. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள்.

ஏர் ரைஃபிளைப் பிரித்து மேய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே இருக்கும் மெயின் ஸ்பிரிங் அழுத்தப்பட்டே இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் பின்னை உருவினால் ஸ்பிரிங் முகத்துக்குத்தான் வரும். கண் கிழியாவிட்டாலும் உள்ளே ரத்தம் கட்டும், பல வருடம் கழித்துக்கூடக் கண் அழுத்த நோய் வரலாம். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உரிமம் தேவைப்படும் துப்பாக்கி எதிலும் வீட்டில் கை வைக்கவே கூடாது. அது சட்டப்படியும் குற்றம்.

‘கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன்’ என்று பவர் கண்ணாடியைக் காட்டுகிறார்கள். மூக்கு நுனியில் தொங்கும் ரீடிங் கண்ணாடிக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, பக்கவாட்டில் முழுத் திறப்பு. லென்ஸும் அடிதாங்கத் தயாரித்ததில்லை. தலையில் மாட்டும் மேக்னிஃபையரும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பாலிகார்பனேட் லென்ஸ், பக்க மறைப்பு, பிரேமில் ‘இசட்87’ (Z87) அல்லது ‘இ.என். 166’ (EN 166) என்ற பாதுகாப்புத் தர முத்திரை, இவை இருப்பதை வாங்குங்கள். பவர் கண்ணாடிக்கு மேலேயே போடுகிற பெரிய அளவும் கிடைக்கிறது. நீங்கள் வாங்கும் ஒரு கிட்டின் விலைகூட வராது. அதை டிராயருக்குள் வைக்காதீர்கள், வைஸின் கைப்பிடியில் மாட்டி வையுங்கள். தலை விரிந்து காளான் போல ஆன உளியையும் பன்ச்சையும் உடனே தேய்த்துச் சரிசெய்யுங்கள் அல்லது தூக்கிப் போடுங்கள். பின்னைத் தட்டப் பித்தளைப் பன்ச்சே போதும்.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பேரனுக்கும் ஒரு கண்ணாடி வாங்கிவையுங்கள். லூயி பிரெய்ல் தம் மூன்றாம் வயதில், அப்பாவின் தோல் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடி ஒரு கண்ணில் குத்திக்கொண்டவர். ஐந்து வயதாகும்போது இரண்டு கண்ணும் போயிருந்தது. ஒரு கண்ணின் காயம் அடுத்த கண்ணையும் கெடுப்பது அரிது, ஆனால் நடக்கும்.

கண்ணில் பொறி விழுந்தால் பக்கத்துப் பட்டறைக்காரரிடம் போய்த் தீக்குச்சியாலும் பனியன் நுனியாலும் எடுக்கச் சொல்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். இரும்புத் துகள் ஒட்டிய இடத்தில் ஒரு நாளைக்குள்ளேயே துரு வளையம் உண்டாகும், துகளோடு அதையும் நாங்கள் எடுக்க வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். மெடிக்கலில் சிவப்புக்கு என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை மிகச் சாதாரணமான காரணம், ஸ்டீராய்டு அதற்குத் தீனி போடும். நாங்கள் துகள் எடுக்கப் போடும் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள். தொடர்ந்து போட்டால் புண் ஆறாது, கருவிழியே கரையும்.

சூப்பர் க்ளூ கண்ணில் பட்டு இமை ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்கக் கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வாருங்கள், பசை சில நாளில் தானே விடும். பெரும்பாலும் சொட்டு மருந்துக் குப்பி என்று நினைத்து எடுத்ததால்தான் இது நடக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். எபாக்ஸி ஹார்ட்னர் (இரண்டு பாகப் பசையில் இறுகவைக்கும் பாகம்) பட்டால் முதலில் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள், பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். ஹார்ட்னர் காரத்தன்மை (ஆல்கலி) கொண்டது, காரம் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும்.

துளைத்த காயம் என்று சந்தேகம் வந்தால் கழுவவும் வேண்டாம், கசக்கவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணைத் தொடாமல் மேலே மூடி ஒட்டிக்கொண்டு அன்றைக்கே வாருங்கள். அறுவை தேவைப்படலாம், வரும் வழியில் எதுவும் சாப்பிடாதீர்கள்.

எப்போதோ இப்படி ஏதோ பட்டு, விட்டுவிட்ட ஞாபகம் இருந்தால், இப்போது பார்வை நன்றாகவே இருந்தாலும் ஒருமுறை வந்து காட்டுங்கள், தயவுசெய்து. முதுகுக்கோ தலைக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், அந்த மெஷினுக்குள் படுக்கும் முன் இதை அங்குள்ளவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் கண்ணுக்குள் கிடக்கும் இரும்பை நகர்த்திவிடும்.