ரேழில சார்ஜ் போடுற ஈ-பைக்கும் அதுக்கு இருக்குற சட்டமும்

நீடாமங்கலத்துல எங்க சித்தப்பா போன மாசம் ஒரு ஈ-பைக் எடுத்தாரு. "ஆர்.சி. வேணாம், லைசென்ஸ் வேணாம்"னு கடைக்காரர் சொன்னதுலயே மனுஷன் குளிர்ந்துபோயிட்டாரு, வேற ஒண்ணும் கேக்கல. இப்ப பேட்டரி சூடாவுதேன்னு ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன். அவருகிட்ட சொன்னதையே இங்க எழுதுறேன்.

மொதல்ல உங்க வண்டி எந்த ரகம்னு பாருங்க. மோட்டார் 250 வாட்டுக்கு கம்மி, ஸ்பீடு மணிக்கு 25 கிலோமீட்டருக்கு கம்மி, பேட்டரிய விட்டுட்டு எடை 60 கிலோவுக்குள்ள இருந்தா, மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது மோட்டார் வாகனமே கிடையாது. அதனாலதான் ரிஜிஸ்ட்ரேஷனும் லைசென்ஸும் கேக்குறதில்ல. ஆனா இந்த அளவுக்குள்ளதான் இருக்குன்னு அங்கீகாரம் உள்ள டெஸ்டிங் ஏஜென்சி குடுத்த சர்டிபிகேட் கம்பெனிகிட்ட இருக்கணும், அதோட காப்பிய கேட்டு வாங்குங்க. ஒரு ஒயர கழட்டிவிட்டா 40-ல பறக்கும்னு யாராச்சும் சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க, அப்படி செஞ்ச வண்டிக்கு அந்த விலக்கு போச்சு, எங்கயாச்சும் ஆள் மேல மோதிட்டா நஷ்டஈடு முழுக்க உங்க தலையிலதான் விழும்.

அதுக்கு மேல ஸ்பீடு போற, பச்சை நம்பர் பிளேட் வண்டின்னா பேட்டரிக்குன்னே தனியா ஒரு ரூல் இருக்கு, பேரு ஏ.ஐ.எஸ். 156. 2022-ல அங்கங்க ஸ்கூட்டர் தீப்பிடிச்சுது ஞாபகம் இருக்குல்ல, அதுக்கப்புறம் மத்திய அரசு நிபுணர் குழு போட்டு இதை இறுக்குனாங்க, 2022 டிசம்பர் 1-ல பாதி, 2023 மார்ச் 31-ல மீதின்னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்துச்சு. பேட்டரிக்குள்ள அடுக்கியிருக்குற செல்லுல ஒண்ணு ஷார்ட் ஆனா சூடு பக்கத்து செல்லுக்கு எப்படிப் பரவுதுன்னு டெஸ்ட் பண்ணணும், டெம்பரேச்சர் சென்சார் இருக்கணும், ஏதாச்சும் கோளாறுன்னா வண்டி சத்தம் போட்டு லைட் காட்டணும், சார்ஜர் நிறைஞ்சதும் தானா கட் ஆவணும், தண்ணில முக்கியும் டெஸ்ட் உண்டு. அந்த தண்ணி டெஸ்ட் புது பேட்டரிக்குத்தான், அதை நம்பி ஐப்பசி மழையில முழங்கால் தண்ணிக்குள்ள ஓட்டாதீங்க. வாங்கும்போது 2023 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரிச்சதான்னு பாத்து, பேட்டரி சீரியல் நம்பர பில்லுல எழுதச் சொல்லுங்க.

இந்தப் பாதுகாப்பெல்லாம் கம்பெனி குடுத்த பேட்டரியும் அதுக்குன்னு வந்த சார்ஜரும் சேர்ந்து இருக்குறவரைக்கும்தான். சார்ஜர் போச்சுன்னா பஜார்ல அறுநூறு ரூவாக்கு கிடைக்குதுன்னு ஒண்ணு வாங்கிடுறோம், பின் பொருந்துதுல்ல, அப்புறம் என்னன்னு. லித்தியம் பேட்டரிலயே எல்.எஃப்.பி., என்.எம்.சி.ன்னு ரெண்டு ரகம் இருக்கு. எல்.எஃப்.பி. செல் நிறையுறது 3.65 வோல்ட்ல, என்.எம்.சி. செல் 4.2 வோல்ட்ல, ரெண்டுக்கும் சார்ஜர் வேற வேற, மாத்தி சொருகினா அளவுக்கு மேல ஏறாம அடக்குறதுக்கு பேட்டரிக்குள்ள இருக்குற பி.எம்.எஸ்.ங்கற கன்ட்ரோல் போர்டு மட்டும்தான் மிச்சம். பேக்க பிரிச்சு நாலு செல் கூட வெச்சு ஓட்டுறதும் அப்படித்தான், ரிஜிஸ்டர் ஆன வண்டில அது சட்டப்படியும் தப்பு, வாரண்டியும் போயிரும்.

கரண்டு விஷயத்துக்கு வருவோம். வீட்டு கனெக்‌ஷன்லயே சார்ஜ் போடலாம், தனி மீட்டர் தேவையில்லன்னு மத்திய மின்துறை வழிகாட்டுதல்லயே இருக்கு. நம்ம பக்கம் நடக்குற தப்பு என்னன்னா, பம்புசெட் கொட்டகையில இலவச கரண்டு இருக்கேன்னு வண்டிய அங்க கொண்டுபோயி சொருகுறது. அது விவசாயத்துக்குக் குடுத்த கரண்டு, வேற வேலைக்கு எடுத்தா மின்சார சட்டம் 2003, 126-வது பிரிவுப்படி ரெண்டு மடங்கு கட்டணம் போட முடியும். சின்ன வண்டிக்கு ஒரு ஃபுல் சார்ஜ் ரெண்டு மூணு யூனிட், அதுக்குப் போயி இந்த வம்பு தேவையா.

வீட்டுக்குள்ள எங்க போடுறதுன்னு சட்டம் வந்து பாக்காது, அது நம்மதான் பாத்துக்கணும். பழைய ஓட்டு வீட்டுல எல்லாரும் ரேழிலதான் நிறுத்துறாங்க, வாசலுக்குப் போற வழியே அது ஒண்ணுதான், அங்க பேட்டரி புகைய ஆரம்பிச்சா உள்ள படுத்திருக்குறவங்க எப்படி வெளிய வருவாங்க? திண்ணை ஓரமோ காத்தோட்டமா இருக்குற கொட்டகையோ நல்லது, ஆனா பக்கத்துல வைக்கோல் போரோ நெல்லு மூட்டையோ சாக்கோ இருக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணாம், எர்த் உள்ள செவுத்து பிளக்குல நேரா போடுங்க. வெயில்ல திருவாரூர் போயிட்டு வந்தா அரைமணி ஆறவிட்டு சொருகுங்க. தூங்கும்போது சார்ஜ் போடாதீங்க, சித்தப்பாவுக்கு இதான் கஷ்டமா இருக்கு.

சிங்கப்பூர், துபாய்னு ஆறு மாசம் போறவங்க லித்தியம் பேட்டரிய பாதி சார்ஜ்ல விட்டுட்டு, மாசம் ஒருதடவை வீட்டுல யாரையாச்சும் பாக்கச் சொல்லணும். லெட் ஆசிட்னா நேர்மாறு, ஃபுல்லா வெச்சு அப்பப்ப ஏத்தணும். வெள்ளத்துல பேட்டரி முழுவுன வண்டிய காஞ்சிருச்சுன்னு சொருகவே கூடாது, அதுவும் வேதாரண்யம் பக்கம் மாதிரி உப்புத்தண்ணின்னா கேக்கவே வேணாம், வெளியில தள்ளி நிறுத்திட்டு சர்வீஸுக்கு சொல்லுங்க. உஸ்ஸுன்னு சத்தம், புகை, உப்பல் எதைப் பாத்தாலும் ஆளுங்கள வெளிய கூட்டிட்டு 101-க்கோ 112-க்கோ அடிங்க. அணைஞ்ச மாதிரி இருந்து சில மணிநேரம் கழிச்சு மறுபடி பிடிக்கும், அதனால உள்ள கொண்டுவராதீங்க.

பேட்டரி செத்துட்டா பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போடாதீங்க. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி பழசை சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு, குப்பையோட கலக்காம ஒப்படைக்குறது நம்ம பொறுப்பு. வாரண்டில இழுத்தடிச்சா 1915-ல தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, பிரச்சினை வந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில், வாரண்டி கார்டு, பேட்டரி நம்பர், சார்ஜர் ஸ்டிக்கர் எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் சித்தப்பா பில்ல தேடி வாட்ஸ்அப்ல அனுப்புனாரு. "ஈ-பைக் – 1"னு மட்டும் எழுதியிருக்கு, பேட்டரி நம்பருக்கான இடம் காலி. நாளைக்கு காலையில கடைக்குப் போயி அதை எழுதி சீல் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.