லாசிக்: கருவிழியில் ஒரு செதுக்கல்

"லேசர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா கண்ணாடியே வேண்டாமாம்" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது லாசிக்கைத்தான். ஆனால் கண்புரைக்குப் போய்வந்தவரும், சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்து லேசர் வைத்துக்கொண்டவரும் இதே ‘லேசர் ஆபரேஷன்’ என்ற பெயரைத்தான் சொல்கிறார்கள். மூன்றும் கண்ணின் வேறு வேறு இடங்களில் நடப்பவை. லாசிக் தொடுவது முன்பக்கத்தில் தெளிந்த மூடியாக இருக்கும் கார்னியாவை மட்டும்.

லாசிக் ஒரு முதலெழுத்துச் சுருக்கம். விரித்தால் ‘லேசர் அசிஸ்டட் இன் சிட்டு கெரட்டோமைலூசிஸ்’. ‘இன் சிட்டு’ லத்தீன். இருந்த இடத்திலேயே என்று பொருள். கடைசிச் சொல் கிரேக்கம். ‘கெராஸ்’ கொம்பு, ‘ஸ்மிலூசிஸ்’ செதுக்குதல். கண்ணில் ஏது கொம்பு? கார்னியா என்ற பெயரும் கொம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். மெல்லிசாகச் சீவிய கொம்பு ஒளியைக் கசியவிடும்; உறுதியாகவும் இருக்கும்.

செதுக்குதல் என்பது வெறும் உவமை இல்லை. 1949-இல் இந்த எண்ணத்தை முன்வைத்தவர் ஹோசே பராக்கர் என்ற கண் மருத்துவர். பிறந்தது ஸ்பெயினில், பின்னாளில் பணியாற்றியது கொலம்பியாவின் பொகோட்டாவில். கார்னியாவிலிருந்து ஒரு வில்லையை வெட்டியெடுத்து, உறையவைத்து, கடைசல் எந்திரத்தில் கடைந்து, திரும்பத் தைத்து வைப்பது அவர் முறை. கேட்கும்போதே கண் கூசுகிறது!

அப்புறம் வந்தது புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் எக்சைமர் லேசர். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், ஐபிஎம் ஆய்வகத்தில் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் ஆகியோருடன் 1981-இல் இதைத் திசுவில் சோதித்தார். வைத்த பொருள், விருந்தில் மிஞ்சிய வான்கோழி. சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது அந்த ஒளி. நம் ஊர்க்காரர் ஒருவரின் கை இதில் இருப்பது பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பராக்கரின் செதுக்கலையும் இந்த லேசரையும் இணைத்தவர், கிரேக்கத்தின் கிரீட் தீவைச் சேர்ந்த கண் மருத்துவர் இயோனிஸ் பல்லிகாரிஸ். ஓர் ஓரம் ஒட்டியிருக்கும்படி மேலடுக்கை மடலாகத் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மடலைத் திரும்ப மூடிவிடுவது அவர் முறை. தையல் கிடையாது. கிட்டப்பார்வைக்கு நடுப்பகுதியைத் தட்டையாக்குவார்கள்; தூரப்பார்வைக்குச் சுற்றிலும் செதுக்கி நடுவைக் குவியவைப்பார்கள். கார்னியாவின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அதனால்தான் கார்னியா மெல்லியதாக இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? லேசருக்குச் ‘சீரொளி’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. கார்னியாவைச் சிலர் ‘விழிவெண்படலம்’ என்று எழுதுகிறார்கள். அது வெண்மையானதே இல்லை என்பதால் எனக்கு ஒப்பவில்லை. பேச்சில் கருவிழி என்பது கண்ணின் கறுப்பு வட்டம்; ஆனால் கண்தானச் செய்திகளில் ‘கருவிழி மாற்று அறுவை சிகிச்சை’ என்று கார்னியாவைத்தானே சொல்கிறோம்? ஆகவே ‘சீரொளிக் கருவிழிச் செதுக்கல்’ என்பேன். பேச்சுக்குக் ‘கருவிழிச் செதுக்கல்’ போதும். ‘லேசர் கண் அறுவை சிகிச்சை’ தவறில்லை. ஆனால் எந்த இடம், என்ன வேலை என்ற இரண்டையும் அது விழுங்கிவிடுகிறது.

இடம் தெரிந்தால் ஒரு பெரிய ஏமாற்றம் குறையும். நாற்பதையொட்டி வரும் வெள்ளெழுத்து, உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. கருவிழியைச் செதுக்கிக்கொண்டவருக்கும் அது வரும்.