தைப்பூச விரதம் முடிந்த மறுநாள்

தைப்பூசம் முடிந்து இரண்டு மூன்று வாரங்களில் என்னிடம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. "48 நாள் ஒரு சொட்டு தொடலைங்க. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தாரு. மறுநாள் சாயங்காலமே ஆரம்பிச்சிட்டாரு." அடுத்து மனைவி கேட்பார்: "சாமிக்காக விட முடிஞ்சது, எனக்காக, பிள்ளைங்களுக்காக முடியலையா?"

மலேசியாவின் பினாங்கில் குடிநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: விரதத்தின்போது அவர் தனியாக இல்லை. கூடவே விரதம் இருந்த நாலு பேர், மாலையில் பஜனை, வீட்டில் சைவச் சாப்பாடு எல்லாம் இருந்தன. கழுத்தில் மாலையைப் பார்த்தால் பழைய கூட்டாளிகளே கிளாஸை நீட்ட மாட்டார்கள். பூசம் முடிந்த மறுநாள் இது அத்தனையும் ஒரே நேரத்தில் கழன்றுவிடுகிறது. அவருடைய அன்பில் குறை தேட வேண்டியதில்லை. துணை போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்தத் துணையை ஆண்டு முழுதும் தருவதுதான் ஏஏ என்று சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் குடியிலிருந்து மீளப் போராடிய இருவர் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் தொடங்கியது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. அறைக்குள் வட்டமாகவோ வரிசையாகவோ உட்கார்ந்து, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். குறுக்கே யாரும் அறிவுரை சொல்வதில்லை. முழுப் பெயர் தேவையில்லை. முதல் நாள் வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வந்தாலும் சரிதான்.

நான் மனநல முறைகளில் பயிற்சி பெற்றவள். இது எந்த அளவு பலன் தரும் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு அதைத் தீர்த்தது. ஏஏ கூட்டங்களுக்குப் போகும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். போகிற எல்லாருக்கும் பலிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால், போய்ப் பார்க்காமலே ஒதுக்குவது நியாயமே இல்லை.

நம் ஆட்கள் போகாததற்குச் சொல்லும் காரணங்களில் இரண்டை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, "சர்ச்சுல நடக்குதாமே, மதம் மாத்திடுவாங்க." தேவாலய வளாகத்து அறைகளில் இந்தக் கூட்டங்கள் பல ஊர்களில் நடப்பது உண்மைதான். அது இடம் மட்டுமே. ஏஏ எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. குடியிலிருந்து மீள அது சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். கூடவே 'நாம் புரிந்துகொண்டபடி' என்றும் வரும். என்னிடம் வந்த ஒருவர் அந்த வரியைக் கேட்டதும் முருகனை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவரை யாரும் திருத்தவில்லை.

இரண்டாவது, "தெரிஞ்சவங்க பார்த்துட்டா?" இது வீண் பயம் இல்லை. இங்கே தமிழர் வட்டம் சின்னது. கோயில் கமிட்டியில் இருப்பவரே சம்பந்தியாகவும் இருப்பார். அதனால்தான் பினாங்குத் தீவில் இருப்பவரைப் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் நடக்கும் கூட்டத்துக்கும், அந்தப் பக்கம் இருப்பவரைத் தீவுக்கும் போகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு 2019இலிருந்து பாலத்தில் டோலும் இல்லை. அங்கேயும் ஒரு தெரிந்த முகம் இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்.

கூட்டம் எங்கே, என்றைக்கு என்பதை மலேசிய ஏஏ இணையத்தளத்தில் பார்க்கலாம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் கேட்கலாம். நேரம் மாறுவதுண்டு, போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். என்ன மொழியில் பேசுவார்கள், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் போகலாம், மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவருக்கு மட்டும். ஒரு கூட்டம் ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள்.

இனி வருவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறவர், சட்டென்று நிறுத்துவது ஆபத்து. விரதத்துக்காக நிறுத்தினாலும் அப்படித்தான். கடைசியாகக் குடித்த இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாத உருவங்கள் தெரிவதும் குழறிப் பேசுவதும் தொடங்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். "சாமி வந்திருக்கு" என்று வீட்டிலேயே வைத்திருந்து, மிகத் தாமதமாக மருத்துவமனைக்குக் கொண்டுவந்த ஒருவரை நான் மறக்கவே முடியாது. விரதம் தொடங்கும் முன்பே கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்துக்குப் போய்க் குடியின் அளவை ஒளிக்காமல் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். மனம் உடைந்து பேச ஆள் வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

மனைவிமார்களுக்கு ஒரு வார்த்தை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போகலாம்.

பெருநிலத்தில் உள்ள பிறை ஊரில் தொழிற்சாலை ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் மூன்று முறை கூட்டம் நடக்கும் இடம்வரை வந்து, வாசலிலேயே திரும்பிப் போனார். நான்காவது முறை அவருடைய அண்ணன் கூட வந்தார். உள்ளே போகவில்லை. எதிரே மாமாக் உணவுக்கடையில் பாலில்லாத தே ஓ வாங்கிக்கொண்டு, தம்பி வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தார். இப்போதும் வாராவாரம் அந்தக் கடையில்தான் இருக்கிறார்.