சீட்டிங் – சொல் விளக்கம்

காசை வாங்கிட்டுத் திருப்பித் தராம ஓடுனா சீட்டிங், பரீட்சைல பிட்டு வச்சா சீட்டிங், சீட்டாட்டத்துல சீட்டை ஒளிச்சு வச்சாலும் சீட்டிங்தான். ஆனா நம்ம ராமநாதபுரம் பக்கம் பசங்க வாயில இந்தச் சொல்லு அதிகமா வர்றது லவ் விஷயத்துலதான். "அவ என்னைய சீட் பண்ணிட்டா மாப்ளே." சினிமாப் பாட்டு, யூடியூப்ல வர்ற ஆல்பம் சாங்கு, கீழக்கரை பஸ்லயும் ஏர்வாடி பஸ்லயும் ஓடுற பாட்டு, எதை எடுத்துக்கிட்டாலும் லவ் ஃபெயிலியர்னா ஒரே கதைதான், அவன் உசுரையே வச்சிருந்தான், அவ சீட் பண்ணிட்டா, ரெண்டாவது சரணம் வர்றதுக்குள்ள பொண்ணுங்களே இப்படித்தான்னு மொத்தப் பேருக்கும் தீர்ப்பு எழுதியாச்சு. ஒரு சொல்லைத் தப்பா வச்சா எவ்வளவு பெரிய அநியாயம் நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல, அதான் இதை உக்காந்து எழுதுறேன்.

இங்கிலீஷ்ல சீட்ங்கிறது தானாப் பொறந்த சொல்லு இல்ல. எஸ்சீட்னு ஒரு பழைய சட்டச் சொல்லு இருக்கு, அதோட தலையை வெட்டுனா மிச்சம் நிக்கிறதுதான் சீட். லத்தீன்ல "விழுறது"ங்கிற சொல்லுல இருந்து வந்து, பழைய பிரெஞ்சு வழியா இங்கிலாந்துக்குள்ள நுழைஞ்சது. நிலம் வச்சிருந்தவன் வாரிசு இல்லாம செத்துப்போனா அந்த நிலம் பிரபு கைக்கோ ராஜா கைக்கோ போய் விழும், அதுக்குப் பேருதான் எஸ்சீட். இதைக் கவனிக்கப் போட்ட அதிகாரிங்க வாரிசு இருக்கிறவன் நிலத்தையும் இல்லைன்னு எழுதிச் சுருட்ட ஆரம்பிச்சதுல, ஜனங்க வாயில அந்தச் சொல்லுக்கே மோசடின்னு அர்த்தம் ஏறிப்போச்சு. கட்டுனவங்களுக்கோ காதலிச்சவங்களுக்கோ தெரியாம இன்னொருத்தர்கிட்ட போறதுங்கிற அர்த்தம் அதுல ஒட்டுனது ரொம்பப் பிந்தி, போன நூற்றாண்டுலதான்.

இந்த எஸ்சீட்டுக்கும் நம்ம ஊருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. ராமநாதபுரம் கேஸ்னு சட்டம் படிக்கிற எல்லாரும் படிப்பாங்க, 1868ல லண்டன் ப்ரிவி கவுன்சில்ல, அதாவது அப்போ நம்ம நாட்டு வழக்குக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டுல, தீர்ப்பானது. சேதுபதி ஜமீன்ல கணவனை இழந்த ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவன் அனுமதி எழுதிவைக்காத நிலையில சொந்தபந்தங்களோட சம்மதத்தை வச்சு முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தாங்க, அந்தத் தத்து செல்லாது, வாரிசு இல்லாத ஜமீன் சர்க்காருக்குத்தான்னு மதுரை கலெக்டர் தரப்பு நின்னுச்சு, கடைசில தத்து செல்லும்னு தீர்ப்பாச்சு. ஒரு பொம்பளை எடுத்த முடிவு செல்லுமா செல்லாதான்னு லண்டன் வரைக்கும் போய் வழக்காடுனது இந்த ஊருல நடந்த கதை.

இதை ஏன் சொல்றேன்னா, சீட்ங்கிற சொல்லோட ஆணிவேரு சொத்து. நம்ம சட்டத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. போர் ட்வெண்டின்னு திட்டுறோமே, அது 1860ல எழுதுன தண்டனைச் சட்டத்தோட 420வது பிரிவு, ஏமாத்தி ஒருத்தர் சொத்தைக் கைமாத்த வைக்கிறதுக்கான தண்டனை, இப்போ 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டத்துல 318க்குப் போயிருச்சு. அதே பழைய சட்டத்துல 497னு ஒண்ணு இருந்துச்சு. ஒருத்தன் இன்னொருத்தன் பொண்டாட்டிகூட, அந்தப் புருஷனோட சம்மதமோ உடந்தையோ இல்லாம உறவு வச்சா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். நல்லாக் கவனிங்க, புருஷன் சம்மதிச்சா குத்தமே இல்ல. அந்தப் பொண்ணோட சம்மதத்தைப் பத்தி அங்க பேச்சே கிடையாது. புருஷன் கல்யாணம் ஆகாத ஒருத்திகிட்டப் போனா அவன் பொண்டாட்டிக்குப் புகார் கொடுக்க வழியும் கிடையாது. பொண்டாட்டின்னா புருஷனோட உடைமைங்கிற எண்ணத்துல எழுதுன சட்டம், 2018 செப்டம்பர் 27ல சுப்ரீம் கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு. சட்டத்துல போயிருச்சு, பாட்டுல இன்னும் போகல.

இப்போ பாட்டுக்கு வருவோம். சீட் பண்ணிட்டான்னு வர்ற பாட்டைக் கூர்ந்து கேட்டுப் பாத்தா அதுக்குள்ள மூணு வேற வேற விஷயம் ஒண்ணாக் கலந்து கெடக்கும். அவன் விரும்புனான், அவ விரும்பவே இல்ல, இது ஒண்ணு. ரெண்டு பேரும் விரும்புனாங்க, ஒத்துவரல, அவ விலகிட்டா இல்லைன்னா வீட்டுல வேற எடத்துல கட்டிக் கொடுத்துட்டாங்க, இது இன்னொண்ணு. வாக்குக் கொடுத்து கூடவே இருந்துக்கிட்டு ஒளிச்சு இன்னொருத்தர்கிட்டயும் இருந்தது, இது மட்டும்தான் துரோகம். நான் கேட்ட பாட்டுல பெரும்பாலானது முதல் வகைதான். அவ ஒரு வாக்கும் கொடுக்கல, கொடுக்காத வாக்கை அவ எப்படி மீற முடியும்?

முதல் வகைக்குத் தமிழ்ல அச்சு அசலா ஒரு சொல்லு இருக்கு, கைக்கிளை. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாப் பிரிக்கும்போது மொதல்ல வைக்கிறதே கைக்கிளையைத்தான், கடைசில பெருந்திணை. கைன்னா இங்க சிறுமை, கிளைன்னா உறவு, ஒரு பக்கம் மட்டும் இருக்கிற உறவு. "சொல்லெதிர் பெறாஅன்"னு அந்த இலக்கணம் அவனைப் பத்திச் சொல்லுது, அதாவது பதில் கெடைக்காதவன். பதில் கெடைக்காதவன்னுதான் சொல்லுது, ஏமாத்தப்பட்டவன்னு சொல்லல. 2011ல லவ்ல தோத்த பையனுக்கு சூப் பாய்னு ஒரு பேரு ஊரெல்லாம் பரவுச்சே, அதுக்கு இருக்கிற தமிழ் இதுதான்.

அந்தக் காலத்துலயும் மறுத்த பொண்ணை நாலு பேரு முன்னாடி இழுத்தவன் இருந்தான். மடலேறுறதுன்னு பேரு. பனை மட்டைல குதிரை மாதிரி செஞ்சு அதுமேல ஏறி, அவ படத்தை எழுதி வச்சுக்கிட்டு, ஊரு நடுத்தெருவுல போவான், அவளைக் கொடுக்க வைக்கிறதுக்காக. சாயல்குடி பக்கம் பனைக்காட்டுல வளந்தவங்களுக்குத் தெரியும், மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும், சும்மா உரசுனாலே ரத்தம் வந்துரும். தன்னைக் கிழிச்சுக்கிட்டு அவளைச் சந்திக்கு இழுக்குறான். ஏறிய மடலைத் தொல்காப்பியம் கொண்டுபோய் வச்ச எடம் பெருந்திணை, பொருந்தாக் காமம். இன்னைக்கு அவ போட்டோவை ஸ்டேட்டஸ்ல வச்சு கீழ ஒரு சீட்டிங் பாட்டு போடுறதும் எனக்கு அதேதான். பாட்டு எழுதுறவங்க அதை வீரம்னு ஆக்கிட்டாங்க.

இன்னொண்ணு இருக்கு, இதைத் தெரிஞ்சப்போ எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. பழைய அகப்பாட்டுல வழி தவறிப் போறவன் ஆம்பளை. மருதத்திணைல பரத்தையிற் பிரிவுன்னு ஒரு துறையே அவனுக்காக இருக்கு, அவன் பரத்தை வீட்டுக்குப் போயிட்டு வருவான், பொண்டாட்டி ஊடல் பண்ணுவா, தோழி வாசல்லயே நிறுத்திக் கேள்வி கேப்பா. பரத்தைங்கிற சொல்லு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கு ஆண்பால் இருந்துச்சுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 1311வது குறள், "பெண்ணியலார் எல்லாரும் கண்ணின் பொதுஉண்பர் நண்ணேன் பரத்தநின் மார்பு". ஊருப் பொம்பளைங்க எல்லாம் உன்னையக் கண்ணாலயே பங்கு போட்டுத் திங்கிறாங்க, பரத்தா, உன் நெஞ்சுகிட்ட நான் வர மாட்டேன். அது ஊடல்ல செல்லமாச் சண்டை போடுற எடம்தான், ஆனாலும் புருஷனை மூஞ்சிக்கு நேரா பரத்தான்னு கூப்பிட ஒரு பொண்ணுக்கு அன்னைக்குச் சொல்லு இருந்துச்சு. பிறனில் விழையாமைன்னு பத்துக் குறள் இருக்கே, அந்த அதிகாரமும் ஆம்பளையப் பாத்து எழுதுனதுதான்.

பரத்தை வசவா நின்னுருச்சு, பரத்தன் காணாமப் போயிட்டான். இன்னைக்கு என்ன சொல்லு வச்சிருக்கோம்னு பாருங்க. ஆம்பளை போனா சின்ன வீடு, மைனர், ப்ளேபாய், "அந்தாளு அங்க ஒண்ணு வச்சிருக்காரு", கேக்குறதுக்கு ஏதோ சொத்து வாங்குன மாதிரி இருக்கும். பொம்பளைக்கு இருக்கிற சொல்லு ஒண்ணைக்கூட இங்க எழுத எனக்கு மனசு வரல. பேப்பர்ல கள்ளக்காதல்னு போடுறாங்க, அதுலயும் கொலை நடந்தாப் போதும், தலைப்புல மொதல்ல வர்றது அந்தப் பொண்ணுதான். திருமணத்தை மீறிய உறவுன்னு போட்டா நியூஸ்ல என்ன கொறைஞ்சிரும்?

சிலப்பதிகாரத்துல வர்ற கானல்வரியை விட்டுட்டு இதைப் பேச முடியாது. கானல்னா கடற்கரைச் சோலை, அது புகார்க் கடற்கரைல நடக்குது. கண்ணகிய வீட்டுல விட்டுட்டு வந்த கோவலன் யாழை வாங்கிப் பாடுறான், இவன் மனசுல வேற யாரோ இருக்கான்னு மாதவிக்குத் தோணுது, அவளும் வேற ஒருத்தனை நெனச்ச மாதிரி பதிலுக்குப் பாடுறா. அவன் பாடலாம், அவ பாடக்கூடாது. "மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்"னு சொல்லிட்டு கோவலன் எந்திரிச்சுப் போயிருறான். கட்டுனவளுக்கு ரெண்டகம் பண்ணி வந்தவன், ஒரே ஒரு பாட்டை வச்சு இன்னொருத்திக்கு ஏமாத்துக்காரின்னு பேரு வச்சுட்டான். இளங்கோ மாதவியத் தப்பா எழுதல, அவ மனசு சுத்தம்னு நமக்குத் தெரியுற மாதிரிதான் எழுதியிருக்காரு. இப்போ வர்ற பாட்டுல கோவலன் பாடுறது மட்டும்தான் இருக்கு, மாதவிகிட்ட யாழே போகுறதில்ல.

கடற்கரைக்குன்னே இன்னொரு நம்பிக்கையும் பாட்டா வந்திருக்கு. செம்மீன் 1956ல வந்த மலையாள நாவல், 1965ல படமாச்சு, அதுல ஒரு பாட்டு, கரையில பொண்டாட்டி தவம் இருந்தா கடலம்மா புருஷனைத் திருப்பிக் கொண்டுவருவா, அவ வழி தவறுனா கடலம்மா அவனை எடுத்துக்குவா. மெட்டு எவ்வளவு நல்ல மெட்டு, நம்ம பக்கமும் எத்தனை பேரு முணுமுணுக்குறாங்க, ஆனா அர்த்தம் என்ன? காத்தும் அலையும் எடுத்த உசுருக்கு வீட்டுல இருக்கிறவ பொறுப்பு. அது கேரளக் கரையோட கதைன்னு வச்சுக்கிட்டாலும், பாம்பன் பக்கம் வந்து பாத்தா அந்தக் கணக்கு அப்படியே தலைகீழா நிக்கும். இங்க பாசி எடுக்கக் கடலுக்குள்ள முங்குறது பொம்பளைங்கதான். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, பாறைல இருந்து மரிக்கொழுந்துப் பாசியப் பிச்சு இடுப்புல கட்டுன பையில போட்டுக்கிட்டே இருப்பாங்க. அவங்க முங்கி இருக்கும்போது கரையில இருக்கிற புருஷன் ஒழுங்கா இருந்தாத்தான் அவங்க மேல வருவாங்கன்னு இதுவரைக்கும் யாரும் பாட்டு எழுதல.

எல்லை தாண்டுனதாச் சொல்லி இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போன புருஷனுக்காக கலெக்டர் ஆபீசுல மனு கொடுத்து, தங்கச்சிமடம் ரோட்டுல உக்காந்து மறியல் பண்றவங்களும் பொண்டாட்டிங்கதான். சபருக்கு, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன ஆளு வருஷக்கணக்கா வராம இருக்க, பிள்ளைங்க படிப்பு, மாமியா வைத்தியம், நகைக்கடன்னு எல்லாத்தையும் இங்க இருந்து தூக்கிச் சொமக்கிறதும் அவங்கதான். அவ போன்ல சிரிச்சுப் பேசுனா ஊரு பேசும், அவன் அங்க எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இந்த ஊருப்பேச்சுக்கும் பழைய சொல்லு இருக்கு, ரகசியமா சிலபேரு வாய்க்குள்ள மென்னா அம்பல், வெளிப்படையா ஊரே பேசுனா அலர்.

மண்டபம் பக்கம் கரையில நண்டு வலையப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க, நானும் உக்காந்திருந்தேன். மொதல்ல கடிக்கிற காலை மடக்கிப் பிடிச்சு, அப்புறம் நூலு நூலா எடுக்கணும், இல்லைன்னா வலையும் போகும் விரலும் போகும். ஒரு பையன் போன்ல சீட்டிங் பாட்டு ஓடுது. பக்கத்துல இருந்த பெரியம்மா கையை நிறுத்தாமலே கேட்டாங்க, "ஏய்யா, அந்தப் பிள்ளை இவன்கிட்ட சரின்னு சொல்லுச்சா?" பையன் யோசிச்சுட்டு, "இல்ல ஆத்தா, இவன் பின்னாடியே சுத்துனான்"னான். "அப்பறம் என்னத்த ஏமாத்துனுச்சு? வேணாம்னுச்சு, அம்புட்டுத்தான்." சின்னப்பிள்ளைல அவுட் ஆயிட்டு ஒத்துக்காம அழுவானே ஒருத்தன், அழுகுணி ஆட்டம்னு சொல்லுவோம், அந்தப் பெரியம்மா கேட்ட கேள்விக்கு முன்னாடி பாதி சீட்டிங் பாட்டு அந்த ஆட்டம்தான்.

அப்போ நெசமாவே துரோகம் நடந்தா என்ன சொல்றது? பொண்ணுங்களும் துரோகம் பண்ணத்தான் செய்றாங்க, அந்த வலி பொய்யும் இல்ல, அதைப் பாடக்கூடாதுன்னு நான் சொல்லவும் இல்ல. துரோகம் வடமொழிச் சொல்லு, தமிழ்ல கலந்து ரொம்ப நாளாச்சு. ஏமாத்துறதுன்னு சொல்லலாம், ஆனா அது காசுக்கும் வரும் ஆட்டத்துக்கும் வரும். காதல்ல, கல்யாணத்துல வாக்கை மீறுறதுக்கு என் கணக்குல பொருத்தமான சொல்லு இரண்டகம். நம்ம வீட்டுப் பெரியவங்க ரெண்டகம்னு சொல்லுவாங்க, "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நெனைக்காதே"ன்னு கேட்டிருப்பீங்க. இரண்டு அகம், ஒரு மனசுல இருக்கேன்னு சொல்லிட்டு ரெண்டு மனசு வச்சிருக்கிறது. அதுல சொத்துங்கிற வாசனை இல்ல, யாரும் யாருக்கும் உடைமை இல்ல, ஒரு வாக்கு இருந்துச்சு, அது உடைஞ்சுச்சு, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு.

அதனால பாட்டு எழுதுற தம்பிங்களுக்கு, நம்ம ஊருலயே போன்ல எடுத்து யூடியூப்ல போடுறவங்களுக்கும் சேத்து, பயன்படுத்துற முறை இது. அவ வேணாம்னு சொல்லியிருந்தா கைக்கிளை, பேச்சுவழக்குல ஒருதலைக் காதல். ரெண்டு பேரும் ஒத்துவராம விலகிட்டா பிரிவு. வாக்குக் கொடுத்துட்டு ஒளிச்சு இன்னொருத்தர்கிட்ட போனா ரெண்டகம், "அவ ரெண்டகம் பண்ணிட்டா", "அவன் ரெண்டகம் பண்ணிட்டான்", ரெண்டு பேருக்கும் அதே சொல்லுதான். சீட்டிங்கை சீட்டுக் கம்பெனிக்காரன் காசோட ஓடுனா சொல்லிக்கோங்க.