பிள்ளைக்கு ஒன்றும் தெரியாதாம்!

புற்றுநோய் வந்த பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசுவது என் வேலை. இப்படிக் கேட்பதில் இந்த மாதத்தில் இது மூன்றாவது தாய். வந்து உட்கார்ந்ததுமே, "மிஸ், அவளுக்கு முன்னால கேன்சர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ. காய்ச்சல் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறம்."

பிள்ளைக்கு எட்டு வயது, இரத்தப் புற்றுநோய். வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கி, ஐந்து மாதமாக மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வருகிறார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எந்தக் காய்ச்சலுக்கம்மா தலைமயிர் கொட்டுகிறது? மகரகம என்றதும் ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து "ஐயோ பாவம்" என்பதும், இவள் உள்ளே வந்தால் பெரியவர்கள் போனில் பேச்சை நிறுத்துவதும் அவளுக்கு விளங்காதா?

அம்மா தேத்தண்ணி வாங்க வெளியே போன இடைவெளியில், வண்ணம் தீட்டிக்கொண்டே கேட்டாள்: "எனக்குக் கேன்சர் எண்டு அம்மாவுக்குத் தெரியுமா? சொல்லாதீங்கோ, அவ அழுவா."

சொன்னால் பிள்ளை உடைந்துபோகும் என்கிறீர்கள். சரி, சுவீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சாவைப் பற்றியே பிள்ளையோடு பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் 27 வீதமானோர் வருந்தினார்கள். இவளுக்கு வந்திருப்பதோ, இரண்டு மூன்று வருடம் விடாமல் மருந்தெடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிற வகை. இதைச் சொல்ல என்ன தயக்கம்?

நோயின் பெயரைச் சொல்லுங்கள். மயிர் கொட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள், திரும்ப முளைக்கும் என்பதையும் சேர்த்து. ஊசி நோகாது என்று பொய் சொல்ல வேண்டாம். "கொஞ்சம் நோகும், நான் கையைப் பிடிச்சிருக்கிறன்" போதும். குழப்படி செய்தால் டொக்டர் ஊசி போடுவார் என்று தயவுசெய்து, தயவுசெய்து வெருட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கழற்றவே எனக்குச் சில வாரம் போகிறது.

அம்மாமாரே, நீங்களும் சாப்பிடுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது.

அப்புறம், அம்மம்மாவோடு வவுனியாவில் விட்டுவந்த தம்பி. ஐந்து வயது. அக்காவை ஊஞ்சலில் இருந்து தள்ளிவிட்டதால்தான் அவளுக்கு நோய் வந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்று பின்னேரமே அவனுக்கு ஒரு கோல் எடுங்கள்.