மீனின் கண்ணில் மரபணு விழிக்கும் விதம்

வாசகர் ஒருவர் தம் தாயாரைப் பற்றி எழுதியிருந்தார். நீண்ட நாள் சர்க்கரை நோயால் அவருடைய விழித்திரை பழுதாகிவிட்டது. “கையில் வெட்டுப்பட்டால் தோல் மூடிக்கொள்கிறது, விழித்திரை மட்டும் ஏன் தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை?” என்பது அவர் கேள்வி. இதற்கு விடை தேட, பார்வைக்கு நேரடியாகப் பொறுப்பேற்காத, ஆனால் பார்வையைத் தாங்கி நிற்கிற ஒரு செல்லை அறிந்துகொள்ள வேண்டும்.

விழித்திரையில் ஒளியை வாங்கும் குச்சி செல்களும் கூம்பு செல்களும், செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்பு செல்களும் அடுக்கடுக்காக அமைந்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அந்த அடுக்குகளைப் பந்தற்கால் போல மேலிருந்து கீழ்வரை ஊடுருவி நிற்பவை முல்லர் செல்கள். ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைன்ரிக் முல்லர் 1851இல் இவற்றை விவரித்தார். நரம்புகள் செய்தி கடத்த வெளியிடும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளை அகற்றுவது, பொட்டாசியத்தின் அளவைச் சமன்படுத்துவது, அக்கம்பக்கத்து செல்களுக்கு ஊட்டம் தருவது ஆகியவை இவற்றின் அன்றாட வேலை. மனிதக் கண்ணில் காயம் பட்டால் இவை பருத்துத் தடித்துத் தழும்பாகின்றன. ஜீப்ரா மீனின் கண்ணிலோ இதே செல்கள் புதிய நரம்பு செல்களைப் பெற்றெடுக்கின்றன.

கண்ணாடித் தொட்டிகளில் நாம் வளர்க்கும் அந்தக் கோடு போட்ட சிறு மீன், நம் துணைக்கண்டத்து நீர்நிலைகளுக்கு உரியது. கங்கைப் படுகை மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் அதற்குப் பெயரிட்டார். அதன் விழித்திரையைச் சிதைத்தாலும் சில வாரங்களில் மீண்டும் பார்வை பெறுகிறது. அந்த மீனின் முல்லர் செல்லில் இதற்காகத் தூண்டப்படும் முதன்மையான மரபணு, ஆஸ்கல்-1, நம்மிடமும் உண்டு. ஆகவே வேறுபாட்டை அது தூண்டப்படும் முறையில்தான் தேட வேண்டும்.

ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால் அதன் டி.என்.ஏ. முதலில் திறந்திருக்க வேண்டும். நம் செல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளைச் சுற்றி, உருளை ஒன்றுக்குச் சுமார் 147 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) வீதம் நூல் போலச் சுருட்டப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்னும் சிறு வேதித் தொகுதி ஒட்டினால் சுருள் தளர்கிறது. அதை நொதிகள் கழற்றிவிட்டால் மீண்டும் இறுகுகிறது. தளர்ந்த இடத்தில் உரிய புரதம் வந்து அமர்ந்தால், படியெடுக்கும் நொதி அழைக்கப்பட்டு, மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது.

ஆனால் ஆர்.என்.ஏ. எழுதப்பட்டாலே புரதம் உருவாகிவிடும் என்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்குதான் தொடங்குகிறது. அமைதியாக இருக்கும் மீனின் முல்லர் செல்லில் லெட்-7 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைய உலவுகிறது. வெறும் இருபத்திரண்டு எழுத்துகள் கொண்ட இந்தத் துணுக்கு, ஆஸ்கல்-1 உள்ளிட்ட பல மரபணுக்களின் செய்தி ஆர்.என்.ஏ.க்கள்மீது ஒட்டிக்கொண்டு, அவை புரதமாகாமல் தடுத்துவிடுகிறது. காயம் பட்டதும், மடியும் ஒளிவாங்கிகளிலிருந்து வரும் அபாயச் செய்தி முல்லர் செல்லை எட்ட, சில மணி நேரத்திலேயே ஆஸ்கல்-1 உற்பத்தி பெருகுகிறது. அந்தப் புரதம் லின்-28 என்ற மற்றொரு மரபணுவைத் தூண்டுகிறது. லின்-28 புரதமோ, இன்னும் முதிராமல் கொண்டை ஊசி வடிவில் மடிந்திருக்கும் லெட்-7இன் வளைவைப் பற்றிக்கொள்கிறது. அதனால் அதை வெட்டி முதிரச் செய்ய வேண்டிய நொதி நெருங்க முடிவதில்லை. புதிய லெட்-7 உருவாகாததால் இருப்பும் குறைகிறது. ஆஸ்கல்-1 செய்தியின் மீதிருந்த தடை விலகுகிறது. ஆஸ்கல்-1 மேலும் பெருகி, லின்-28ஐ மேலும் தூண்டுகிறது. தன்னை அடக்குபவரை அடக்குவதற்கு ஒரு துணையைத் தானே உருவாக்கிக்கொண்டு எழுகிறது இந்த மரபணு. சிறு தூண்டுதல், உறுதியான முடிவாக மாறுவது இவ்வாறுதான். 2010இல் ராஜேஷ் ராமச்சந்திரனும் டேனியல் கோல்ட்மேனும் சகாக்களும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதை விளக்கினார்கள். ராமச்சந்திரன் பின்னர் மொகாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

லெட்-7, லின்-28 ஆகிய பெயர்கள் கண் மருத்துவத்திலிருந்து வந்தவை அல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவின் வளர்ச்சி முறை தவறுவதை ஆராய்ந்தவர்கள் சூட்டியவை. அந்தப் புழுவின் லெட்-7இல் உள்ள எழுத்து வரிசையே மாறாமல் மனிதனிடமும் இருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. கண்டுபிடிப்புக்காக விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் வழக்கம் இருந்திருந்தால், புழுவை ஆராயும் அந்த விண்ணப்பத்துக்குப் பணம் கிடைத்திருக்குமா என்று நான் அடிக்கடி எண்ணிப்பார்க்கிறேன். அடிப்படை ஆய்வுக்கு நம் நாடு செலவிடுவது போதாது என்பது என் உறுதியான கருத்து.

வளர்ந்த பாலூட்டிகளில் இந்தப் பாதை ஏன் அடைபட்டிருக்கிறது? அமெரிக்காவின் சியாட்டிலில் தாமஸ் ரே என்னும் ஆய்வாளரின் குழுவினர், எலிகளின் முல்லர் செல்களில் ஆஸ்கல்-1ஐச் செயற்கையாக இயக்கினர். குட்டிகளில் பலன் தந்த அந்த முறை, வளர்ந்த எலிகளில் தோற்றது. தேவையான மரபணுப் பகுதிகள் எலி வளர்வதற்குள் இறுகச் சுருண்டிருந்தன. அசிட்டைல் தொகுதியைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் டிரைக்கோஸ்டாட்டின் என்ற பொருளையும் சேர்த்தபோது, காயம்பட்ட விழித்திரையில் புதிய நரம்பு செல்கள் தோன்றி, பழைய செல்களோடு இணைந்து, ஒளிக்கும் பதிலளித்தன. 2017இல் வெளியான முடிவு இது. முல்லர் செல்லை அமைதிநிலையில் பிடித்து வைக்கும் என்.எஃப்.ஐ. வகைப் புரதங்களை எலிகளில் நீக்கியபோதும், காயத்துக்குப் பின் அவை பிரிந்து நரம்பு செல்களை உருவாக்குவதை 2020இல் வேறொரு குழு காட்டியது.

ஆகவே அந்த வாசகருக்குச் சொல்ல வேண்டியது இது. பழுதான விழித்திரையைப் புதுப்பிக்கும் சொட்டு மருந்து எதுவும் இன்று இல்லை. தேனும் மூலிகைச் சாறும் கண்ணில் விட்டால் விழித்திரை வளரும் என்று விளம்பரம் செய்வோர், நோயாளி லேசரோ ஊசியோ பெற வேண்டிய காலத்தைத் திருடுகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எலியில் பிறந்தவையும் பெரும்பாலும் இடைநிலை நரம்பு செல்களே. குச்சி செல்லையும் கூம்பு செல்லையும் பாலூட்டியின் முல்லர் செல்லிலிருந்து போதிய அளவில் வரவழைக்க வேறு எந்தெந்த மரபணுக்களை, எந்த வரிசையில் தூண்ட வேண்டும் என்பதையே ஆய்வகங்கள் இப்போது தேடுகின்றன.