வளர்ப்பு முத்து

நகைக்கடையில் 'கல்ச்சர்டு பேர்ல்' என்ற அட்டையைப் பார்த்ததும், "அப்போ அசல் இல்லையா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அசல்தான். குழப்பம், இதையும் 'செயற்கை முத்து' என்று சொல்வதால் வந்தது. செயற்கை முத்து என்றால் கண்ணாடி மணியிலோ பிளாஸ்டிக் மணியிலோ பளபளப்புப் பூச்சு ஏற்றியது. சிப்பிக்கு அதில் வேலையே இல்லை. முன்பல்லில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பூச்சுமணி வழுக்கும், சிப்பியில் விளைந்தது நறநறக்கும்.

'கல்ச்சர்' லத்தீனில் உழவைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'அக்ரிகல்ச்சரில்' இருப்பதும் அதுவே. நம் 'முத்து'வும் கடலோடு நிற்கவில்லை. ஆமணக்கு முத்து, வேப்பமுத்து என்று விதைக்கும் அதே பெயர்; அம்மை கண்டால் உடம்பிலும் முத்து.

சரி, எப்படிப் பயிர் செய்கிறார்கள்? சிப்பியின் வாயை ஆப்பு வைத்துக் கொஞ்சமே திறந்து, உள்சதையைச் சின்னதாகக் கீறி, ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணி ஒன்றைச் செருகுவார்கள். கூடவே, இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டு. முத்துக்கு ஆதாரமே அந்தத் துண்டுதான்: அது மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, ஒளிரும் சுண்ணப் படலத்தை அடுக்கடுக்காகப் பூசும். அப்புறம் சிப்பியைக் கூட்டில் வைத்துக் கடலில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைக்கோள முத்தை விளைவித்தார்; முழு உருண்டை பிறகுதான் கைகூடியது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973இல் சாதித்தார்கள். சங்க காலக் கொற்கைக்குப் பேர் வாங்கித் தந்த மன்னார் வளைகுடாச் சிப்பிதான் அதற்கும்.

தமிழில் 'பண்ணை முத்து' என்றும் சொல்லலாம், ஆனால் அது விளைந்த இடத்தை மட்டுமே சொல்கிறது. என் ஓட்டு 'வளர்ப்பு முத்து'வுக்கு. வளர்ப்பு மகன் என்கிறோமே, அதே வளர்ப்பு. ஜப்பானியர் வெகுகாலம் செருகிய மணி, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியோட்டில் கடைந்தது. சதைத்துண்டு வேறொரு சிப்பியுடையது. வளர்த்தது மூன்றாவது சிப்பி. நன்னீர் வளர்ப்பு முத்துகளில் பெரும்பாலும் மணி கிடையாது, சதைத்துண்டு மட்டும். கடலில் வளர்த்த முத்தில் பெரும்பாலும் உண்டு, ஆனால் வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருக்கும் அந்த ஆற்றுமணி தெரியும்.